பெண்கள் வார்டு கேட்டில் மூன்று தட்டு

1. சட்டை

செக்யூரிட்டி சட்டையையும் விசிலையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, என் பழைய கட்டம் போட்ட சட்டையில் ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தேன். கம்பை மட்டும் கொடுக்கவில்லை. அது கம்பெனி கொடுத்ததில்லை. வாய்க்கால் கரை மூங்கிலில் நானே வெட்டிச் சீவியது.

பஸ் ஏறியிருக்கலாம். இறங்குகிற ஊர் தெரியாதவன் கண்டக்டரிடம் எந்த ஊருக்கு டிக்கெட் கேட்பது? புரட்டாசி மாதம், குறுவை அறுப்பு முடிகிற நேரம். ரோட்டில் ஒரு பாதி நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியில் பஸ்ஸும் லாரியும் முறைவைத்துப் போயின. நான் நெல்லுக்கும் வயலுக்கும் நடுவே இருந்த ஒரு சாண் மண்ணில் நடந்தேன்.

இதற்கு முன்னும் பல வேலைகளை விட்டு நடந்திருக்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பிறந்தவன், ஏழாவது வரை படித்தவன். போர்வெல் லாரி, பரோட்டாக் கடை, பனியன் கம்பெனி, அறுப்பு மிஷினில் கிளீனர் என்று பல இடம். சம்பளம் வராமல் விட்டது உண்டு, முதலாளி கை நீட்டியதால் விட்டது உண்டு, எனக்கே அலுத்துப்போய் விட்டதும் உண்டு. ஒரு கருத்துக்காக வேலையை விட்டு நடந்தது அன்றைக்குத்தான். கருத்து என்பது படித்தவர்கள் வீட்டில் வைத்திருக்கிற சாமான் என்று அதுவரை நினைத்திருந்தேன். என்னிடமும் ஒன்று இருந்திருக்கிறது. அது வெளியே வந்ததும் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். காவிரிப் பாசனத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. கேட்

முதல் நாள் சூப்பர்வைசர் பன்னீர் என்னைப் பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். என்னைவிட வயதில் சின்னவர். ஆனால் பேண்ட் பாக்கெட்டில் இரண்டு போன் வைத்திருந்தார்.

“பொம்பளை வார்டு. ஆம்பளை எவனும் உள்ள போகக் கூடாது. புருஷன், அப்பன், அண்ணன் தம்பி, எவனா இருந்தாலும் விசிட்டிங் டைம்லதான். அவ்வளவுதான்யா உன் வேலை. இதுக்கு மேல யோசிக்காத.”

நான் யோசிக்கவில்லை. பெரிய யோசனைக்கு அதில் இடமும் இல்லை. கம்பிக் கேட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நான்.

வார்டு ஒரே நீள ஹால். இரண்டு வரிசைக் கட்டில். கட்டிலுக்குக் கீழே துணைக்கு வந்த பெண்கள். மறைப்புக்கு ஒரே ஒரு ஸ்கிரீன், அதன் சக்கரத்தில் ஒன்று இல்லை. தள்ளினால் ஒரு பக்கமாகச் சாயும். மார்புக் கட்டி எடுத்தவர்கள், கர்ப்பப்பை எடுத்தவர்கள், தீக்காயம் பட்டவர்கள் எல்லாரும் அங்கேதான். ஃபேன் பாதி ஓடும், பாதி ஓடாது.

வார்டு சிஸ்டர் மேரி அந்த வாரமே எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். விசிட்டிங் டைம் முடிந்து கடைசி ஆண் வெளியே போனதும், கேட்டைச் சாத்தி, கம்பியில் மூன்று தட்டு தட்ட வேண்டும். எனக்கு முன்னால் இருந்த ஆளும் தட்டியிருக்கிறான். அவனுக்கு முன்னால் இருந்தவனும் தட்டியிருக்கிறான். எந்த ஆர்டரிலும் அது கிடையாது. அந்தத் தட்டுக்கு அர்த்தம், உள்ளே இப்போது ஆம்பளை யாரும் இல்லை என்பதுதான்.

தட்டிய பிறகு வார்டின் சத்தமே மாறிவிடும். நான் பார்த்ததில்லை. என் முதுகு வார்டுக்கு, முகம் வராந்தாவுக்கு. காதில் விழுவதுதான். இறுக்கிச் சுற்றியிருந்த சேலை இறங்கும், ஜாக்கெட் ஊக்கு கழலும், ஈரத்துணி பிழிவார்கள். புண்ணுக்குக் காற்று படும். பகலெல்லாம் முனகிக்கொண்டிருந்த ஒருத்தி நாத்தனாரைப் பற்றி ஏதாவது சொல்வாள், மற்றவர்கள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

டாக்டர் உள்ளே போவாரே என்று கேட்பீர்கள். போவார். அவர் போகும் முன் ஒரு தட்டு. உள்ளே சேலையைச் சரிசெய்துகொள்வார்கள். அவர் வெளியே வந்ததும் மறுபடி மூன்று. டாக்டர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

என்னிடம் திட்டு வாங்காத ஆண் அந்தத் தாலுகாவில் குறைவு. பூதலூரிலிருந்து கஞ்சித் தூக்கோடு இரண்டு பஸ் மாறி வந்த விவசாயி ஒருவரை நிறுத்தியிருக்கிறேன். பெண்டாட்டியை ஒரு கண் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டார். தூக்கை வாங்கி உள்ளே அனுப்பினேன், அவரை அனுப்பவில்லை. கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதார். பாவமாகத்தான் இருந்தது. ஒரு கவுன்சிலரையும் நிறுத்தினேன். அவர் அழவில்லை, என் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். அன்றைக்குப் பெரிய டாக்டரே வந்து என் தோளில் தட்டி, “கரெக்டா செஞ்சப்பா, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார். அவர் வாயால் சொன்ன வார்த்தை அது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. தாழ்ப்பாள்

அஞ்சலி ஒரு திருநங்கை. குடல்வால் ஆபரேஷன் முடிந்து ஆண்கள் வார்டில் போட்டிருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை டீ குடிக்கப் போகவர நான் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். வார்டு அட்டெண்டர் முருகையன், அரசாங்கச் சம்பளம் வாங்குகிற பர்மனென்ட் ஆள், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையை அகலமாக விரித்துத் தட்டிக் காட்டினான். அவன் தட்டினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். பாத்ரூம் போனால் பின்னாலேயே இரண்டு பேர் போனார்கள்.

ஒரு மத்தியானம் அஞ்சலி டிரிப்ஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்து, என் கேட்டுக்கு எதிரே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, இங்க உக்காந்தா வெரட்டுவியா?”

“வராந்தாவுக்கு நான் காவல் இல்லக்கா.”

அக்கா என்று கூப்பிடுவதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. முன்பின் தெரியாத ஆளை மாமா என்று கூப்பிட்டு பீடிக்கு நெருப்பு கேட்கிறோம். அதனால் அவர் நம் அம்மாவோடு பிறந்தவர் ஆகிவிடுவதில்லை. கூப்பிடுவது மரியாதை. பிறந்த உடம்பு வேறு சங்கதி. ஆணாய்ப் பிறந்தவர் பெண் ஆவதில்லை, பெண்ணாய்ப் பிறந்தவர் ஆண் ஆவதில்லை. சேலையும் ஆபரேஷனும் பேரும் அதை மாற்றிவிடுவதில்லை. இதுதான் என் கருத்து. இன்றைக்கும் அதுதான். இதைச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. அதற்காக ஒருவரை வைத்து இளிப்பதும், பாத்ரூம்வரை பின்னால் போவதும் கருத்து இல்லை, அது பொறுக்கித்தனம். இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

அஞ்சலி நேராகவே கேட்டார். “என்னை உள்ள விடுவியா?”

“மாட்டேங்க்கா.”

“ஏன்?”

“ஆம்பளையாப் பொறந்தவங்களை உள்ள விடக் கூடாதுங்கறதுதான் என் வேலை.”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மூஞ்சிக்கு நேரா சொல்றான் பாரு. மத்தவன்லாம் பின்னாடி நின்னு கையைத் தட்டுறான்.” பிறகு சிரிப்பை நிறுத்தி, “நான் பொம்பளைதான். அதை நீ சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்ல” என்றார்.

“சரிக்கா. எனக்கு அப்படித் தோணலை.”

“தோண வேணாம் போ. எனக்கு அந்த வார்டும் வேணாம், இந்த வார்டும் வேணாம். தாப்பா போட்டுக்கற மாதிரி ரூம் ஒண்ணு இருந்தா சொல்லு.”

இருந்தது. வராந்தாவின் கடைசியில் ஒரு தனி அறை. கட்டில், ஏசி, உள்ளேயே பாத்ரூம், கதவுக்கு உள்பக்கம் நல்ல பித்தளைத் தாழ்ப்பாள். வெளியே பூட்டு. சாவி பெரிய டாக்டரிடம். பெரிய மனிதர் யாராவது படுக்க வேண்டி வந்தால் என்று வைத்திருந்தார்கள். நான் இருந்த காலத்தில் அதில் ஒரு நோயாளியும் படுத்ததில்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஒரு அதிகாரி உட்கார்ந்து இளநீர் குடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

4. தட்டவில்லை

வராந்தாவில் டிரிப்ஸோடு உட்கார்ந்திருந்த அஞ்சலியை எவனோ படம் எடுத்து நெட்டில் போட்டுவிட்டான். மேலே யாரோ பார்த்தார்கள். பெரிய டாக்டருக்குப் போன் வந்தது. அதுவரை அந்த வராந்தாப் பக்கம் திரும்பாதவர் செருப்பு வழுக்க ஓடி வந்தார்.

“உடனே ஃபீமேல் வார்டுல பெட் போடுங்க” என்று சிஸ்டரிடம் சொன்னார்.

நான் எழுந்து நின்று, சார், அந்தக் கடைசி ரூமைத் திறந்துவிட்டால் எல்லாருக்கும் சௌகரியம், அவங்களும் அதைத்தான் கேட்கிறாங்க என்றேன். அது ஆபீஸ் விஷயம், நீ கேட்டைப் பார் என்றார். நான் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோரம் கடைசிக் கட்டிலில் அஞ்சலியைப் படுக்கவைத்தார்கள். உள்ளே இருந்த பெண்களில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அஞ்சலியிடமும் கேட்கவில்லை. கேட்டது போனில் வந்த குரலை மட்டும்தான்.

சாயங்காலம் விசிட்டிங் டைம் முடிந்தது. ஆண்களை வெளியே அனுப்பினேன். கேட்டைச் சாத்தினேன். கம்பைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. கம்பை நாற்காலியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று நல்ல புழுக்கம். உள்ளே சத்தமே இல்லை. ஒரு வார்டே காது கொடுத்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கோவிந்தம்மா கேட்டுக்கு வந்தார். மார்புக் கட்டி எடுத்தவர், நடவு வேலைக்குப் போகிற அம்மா. ஒரு கையால் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, தட்டலையே?”

“உள்ள யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமேம்மா.”

“தெரியும்ப்பா. அது பாவம், செவுத்தைப் பார்த்துச் சுருண்டு கெடக்குது. நான் அதைப் பத்திக் கேக்கலை. நீ தட்டுவியா, மாட்டியா?”

“என்னால தட்ட முடியலைம்மா.”

“அப்ப சரி” என்றார். சண்டை போடவில்லை, யாரையும் திட்டவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி, உள்ளே பார்த்து, “தட்டலையாம்” என்று மட்டும் சொன்னார். அத்தனை பேரும் சுற்றிய சேலையோடு, ஊக்குப் போட்டபடி, வேர்த்து ஒழுகப் படுத்திருந்தார்கள்.

அஞ்சலி உள்ளே ஒரு தப்பும் செய்யவில்லை. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. பூதலூர் விவசாயியும் உள்ளே போயிருந்தால் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார். கேட் என்பது தப்பு செய்கிறவர்களுக்காக மட்டும் போட்டதில்லை. உள்ளே இருக்கிறவர்கள் யோசிக்காமல் படுப்பதற்காகப் போட்டது.

5. மனம் திறந்து பேசலாம்

மறுநாள் காலை டீக்கடையில் ஆஸ்பத்திரி முழுக்க என் பக்கம் இருந்தது. சிஸ்டர் மேரி என்னைத் தனியே கூப்பிட்டு, “நீ செஞ்சதுதான்ப்பா சரி, பொம்பளைங்க ராத்திரி தூங்கவே இல்ல” என்றார். மருந்து கொடுக்கிறவர் தலையாட்டினார். ஒரு சின்ன டாக்டர்கூட டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, என் அம்மாவை அங்கே போட மாட்டேன் என்று சொன்னார். எல்லாரையும் மிஞ்சி முருகையன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “விடாத குமாரு” என்றான். அவன் கை பட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் நினைப்பதும் அவன் நினைப்பதும் ஒன்று என்று அவன் நினைத்துக்கொண்டான்.

தட்டாத விஷயமும் மேலே போய்விட்டது. அன்றைக்கே ஒரு பயிற்சி வகுப்பு போட்டார்கள். நகரத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு ஸ்கிரீன் சக்கரம் வர ஒரு வருஷமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், வரவில்லை. மேடம் ஒரு போனில் வந்துவிட்டார்.

மீட்டிங் ஹாலில் ஏசி ஓடியது. சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். அதில் பல கலர் வட்டங்கள் இருந்தன. பாதி புரிந்தது. ஒருவர் தன்னை எதுவாக உணர்கிறாரோ அவர் அதுதான், வார்டும் அதன்படிதான் என்பது சாராம்சம். கடைசியில் மேடம் சிரித்துக்கொண்டு, “யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தா மனம் திறந்து பேசலாம். இங்க பேசுறது இங்கேயே இருக்கும்” என்றார்.

டீக்கடையில் பேசிய அத்தனை வாயும் பிஸ்கட் மென்றுகொண்டிருந்தது. கேட்கிறார்களே, பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்து நான் எழுந்தேன். ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து வந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

நான் சொன்னது இவ்வளவுதான். பெண்கள் வார்டு பெண் உடம்புக்கு என்று போட்டது. அஞ்சலி அக்கா மனசில் என்னவாக இருந்தாலும் ஆணாய்ப் பிறந்தவர். அவருக்கு மரியாதை கொடுங்கள், வைத்தியம் கொடுங்கள், அவர் கேட்கிற மாதிரி தாழ்ப்பாள் போட்ட அறையைக் கொடுங்கள், அறை வராந்தாக் கடைசியில் பூட்டிக் கிடக்கிறது. கிண்டல் செய்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மூன்று தட்டு தட்டி உள்ளே இருக்கிறவர்களிடம் பொய் சொல்ல மட்டும் என்னைச் சொல்லாதீர்கள்.

மேடம் சிரிப்பை எடுத்துவிட்டார். “இது கருத்து இல்லங்க. இது அறியாமை. வெறுப்பு.”

“அப்புறம் எதுக்கு மேடம் கருத்து கேட்டீங்க?”

சிஸ்டர் மேரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன டாக்டர் போனைப் பார்த்தார். அப்போது முருகையன் எழுந்தான். எல்லா மனிதரும் சமம் என்றான், அஞ்சலி நமக்கெல்லாம் சகோதரி என்றான். இப்படிப்பட்ட ஆட்களால்தான் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் என்று என்னைக் கை காட்டினான். ஹால் முழுக்கக் கைதட்டல். மேடம் அவனை முன்னால் கூப்பிட்டு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அஞ்சலியைப் பார்த்துக் கையை விரித்துத் தட்டினவனுக்கு அத்தனை பேரும் தட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நான் சொன்னதில் முதல் பாதியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அறையைத் திறங்கள் என்ற இரண்டாம் பாதி யார் காதிலும் விழவில்லை. முதல் பாதிக்கு என்னை அனுப்பினால் போதும். இரண்டாம் பாதிக்கு ஏசி அறையை விட வேண்டும்.

6. சாவிக்கொத்து

அன்று சாயங்காலம் விசிட்டிங் டைம் முடிகிற நேரத்தில் பெரிய டாக்டர், மேடம், சூப்பர்வைசர் பன்னீர் மூன்று பேரும் என் கேட்டுக்கு வந்தார்கள்.

பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்தி, நல்லபடியாகத்தான் பேசினார். எழுத்தில் எதுவும் வேண்டாமாம், மன்னிப்பும் வேண்டாமாம். வழக்கம்போலத் தட்ட வேண்டும், அவ்வளவுதானாம். மேடமும் பார்த்துவிட்டால் விஷயம் இத்தோடு முடிந்துவிடுமாம்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

பன்னீர் என் காதருகே வந்தார். “தட்டித் தொலையேன்யா. கம்பிக்கு வலிக்குமா?”

“கம்பிக்கு வலிக்காதுங்க.”

“அப்புறம் என்ன? உன் கருத்தை மனசுல வச்சுக்க, கையால தட்டு. நாங்கள்லாம் அப்படித்தான் இருக்கோம்.”

அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் என்னிடம் சொன்ன உண்மையான வார்த்தை அது ஒன்றுதான்.

கேட் திறந்தபடி இருந்ததால் எல்லாம் உள்ளே கேட்டிருக்கிறது. கடைசிக் கட்டிலிலிருந்து அஞ்சலி குரல் கொடுத்தார். “தம்பி, தட்டிட்டுப் போயேன். என்னால உன் சோறு போச்சுன்னு வேணாம்.” பிறகு குரலைக் கொஞ்சம் ஏற்றினார். “டாக்டர் சார், நான் ரூம் கேட்டேனே, அது என்ன ஆச்சு?”

பெரிய டாக்டர் அந்தக் கேள்வி எதிர்ச்சுவரிலிருந்து வந்தது போல எதிர்ச்சுவரைப் பார்த்தார். மேடம், அஞ்சலிக்காகவே ஊர் தாண்டி வந்தவர், நோட்டீஸ் போர்டைப் படித்தார்.

நான் கேட்டைச் சாத்தினேன். “என்னால முடியாதுங்க சார்” என்றேன்.

பெரிய டாக்டர் என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். பாக்கெட்டிலிருந்து கார்ச் சாவிக்கொத்தை எடுத்து, அதனால் கம்பியில் மூன்று தடவை தட்டினார். டிங், டிங், டிங் என்று மெலிசாகக் கேட்டது.

உள்ளே ஒரு ஊக்குக்கூட அசையவில்லை. பிறகு கோவிந்தம்மாவின் குரல், பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்வது போல, சாதாரணமாக வந்தது.

“அது நம்ம கேட்டுத் தட்டு இல்லடி. போர்த்திக்கிட்டுப் படு.”

பெரிய டாக்டரின் காது சிவந்ததை நான் பார்த்தேன். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பன்னீரிடம், “இந்த ஆளை இங்க நான் பார்க்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னீர் சட்டையைக் கழற்றச் சொன்னார். பனியனோடு நின்றேன். சிஸ்டர் மேரி அந்தப் பக்கம் வந்தவர், என்னைப் பார்த்ததும் மறந்துபோன ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பிப் போய்விட்டார்.

அந்த ரூம் பிறகு திறக்கப்பட்டதாம். திருநங்கைகளுக்கான தனி அறை என்று ரிப்பன் கட்டி, போர்டு வைத்துத் திறந்தார்களாம். யோசனை பெரிய டாக்டருடையது என்று பேசினார்களாம். ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு முருகையன் நின்றானாம். கேள்விப்பட்டதுதான், நான் போய்ப் பார்க்கவில்லை.

7. ரோடு

அப்படித்தான் அந்த ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அஞ்சலி, தலையணையை வயிற்றில் கட்டிப் பிடித்துக்கொண்டு. தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம். அவர் கூட்டாளி ஒருவர் ஆட்டோ கொண்டுவந்திருந்தார்.

“எங்க தம்பி போற?”

“தெரியலைக்கா.”

“தெரியலைன்னா ஏறாத. எனக்கே காலை நீட்ட எடம் இல்ல.” பிறகு, “தட்டியிருக்கலாம்ல?” என்றார்.

“தட்டியிருந்தா உங்களுக்கு ரூம் கெடைச்சிருக்குமாக்கா?”

“கெடைச்சிருக்காது” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஆனா ஒண்ணு தம்பி. நான் பொம்பளைதான். அதை மறந்துடாத” என்றார்.

“உங்களுக்கு அந்த ரூமைக் குடுத்திருக்கணும். அதை மறக்க மாட்டேன்.”

“கல்லு மாதிரி இருக்கான்” என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். ஆட்டோ போய்விட்டது. வெளியிலிருந்து வந்த மேடத்தை விட்டால், அந்த ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்து என்னோடு ஒத்துப்போக மறுத்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஒத்துப்போய்க்கொண்டே ஆளை அனுப்பினார்கள்.

அன்று நெல் கொள்முதல் நிலையத்து ஷெட்டில் சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். காலையில் ஒரு அம்மாளின் சத்தத்தில் எழுந்தேன். அந்தோணியம்மாள் என்று பெயர். மகன் வெளிநாட்டில், வயல் இவர் பொறுப்பில். நெல்லில் ஈரம் கூடுதல் என்று கொள்முதலில் திருப்பிவிட்டார்கள். அவர்கள் ஈரம் அளக்கிற மிஷினைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஆட்களை வைத்து ரோட்டில் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். என் கம்பைப் பார்த்தார்.

“எந்தூருப்பா? என்ன வேலை பார்த்த?”

ஆஸ்பத்திரிக் கேட்டில் காவல் என்றேன். ஏன் விட்டாய் என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

“இங்க வேலை இருக்கு. நெல்லு மேல வண்டி ஏறக் கூடாது. ஏறினா அரிசி நொறுங்கிடும். வர்ற வண்டியை எல்லாம் அந்தப் பக்கமா ஒதுக்கி விடணும். காயற வரைக்கும் சாப்பாடு என் பொறுப்பு, கூலி ஊர்க் கூலி.”

“கார்ல பெரிய ஆளுங்க யாராவது வந்தா?”

“வந்தா என்ன? நெல்லுக்கு அவங்களைத் தெரியுமா?”

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். மனம் திறந்து பேசலாம் என்று ஒருவர் சொன்னால், முதலில் அந்த ஹாலில் யார் பர்மனென்ட், யார் காண்ட்ராக்ட் என்று பாருங்கள். மனம் எல்லாருக்கும் இருக்கிறது. திறக்கிற செலவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் பேச வேண்டியிருந்தால் பேசுங்கள். வேறு சட்டை ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தோணியம்மாள் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கொடுத்தார். நெல்லின் தலைப்பில் அதைக் கவிழ்த்துவைத்து, பக்கத்தில் நின்றேன். முதலில் வந்தது ஒரு வெள்ளைக் கார். கம்பால் டின்னில் மூன்று தட்டு தட்டினேன். கார் ஒதுங்கி மறுபாதியில் போனது. உள்ளே யார் என்று நான் பார்க்கவில்லை.